காக்கும் வேலியும் கொல்லும் கம்பியும்



பயிர் செய்தல் ஒரு தொழில். செய்த பயிரைக் காத்தல் வேறொரு தொழில். இவ்விரண்டனுள் எது கடினமானது என்று கண்டிப் பகுதியிலே மரவள்ளியும் வற்றாளையும் நட்டிருக்கும் ஒரு கமக்காரரைக் கேட்டுப் பாருங்கள். சிறிதும் தயங்காமல், காத்தலே கடினம் என்று கூறுவார். நிலத்தைக் கொத்தி, பாத்தி கட்டி, மழையை நோக்கிக் காத்திருந்து, கிழங்கு முற்றும் பருவத்தில் ஒருநாட் காலை சென்று பார்க்கும்போது, நிலம் முழுவதும் உழுதது போலப் புரண்டு கிடக்கும். பல மாதத்து உழைப்பை ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவிலே தீர்த்துவிட்டுச் சென்றிருக்கும். தின்றது பாதி, கிளறிக் கெடுத்தது பாதி. அந்த வேளையில் அவர் உள்ளத்தில் எழும் சினம் நமக்கு விளங்காத ஒன்றன்று. அந்தச் சினத்திலே அவர் தேடிக்கொள்ளும் பரிகாரம் எத்தகையது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பயிரை விலங்கினின்றும் காக்கும் முயற்சி நம்மவருக்குப் புதியதன்று. குறிஞ்சி நிலத்து மகளிர் தினைப்புனம் காத்த செய்தியைச் சங்க நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. பரண்மீது இருந்து கிளிகளை ஓட்டுதற்குத் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் அவர்களிடம் இருந்தன. கதிர்காமத்து வள்ளியும் தினைப்புனம் காத்தவளே என்பது தமிழரும் சிங்களவரும் ஒருங்கே போற்றும் கதையாகும். நம் நாட்டுச் சேனைகளிலும் வயல்களிலும் காவற்குடில் அமைத்து, இரவு முழுவதும் தீ மூட்டி, தகரம் தட்டி, குரல் கொடுத்துப் பயிர் காத்த வழக்கம் மிக நீண்டது.

ஆயினும், அந்த வழக்கம் நாளுக்கு நாள் தேய்ந்து வருகின்றது. பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றார்கள். இளைஞர்கள் நகரங்களிலும் வெளிநாடுகளிலும் தொழில் செய்கின்றார்கள். வீட்டில் எஞ்சியிருக்கும் முதியவர் இருவர், பகல் முழுவதும் உழைத்த பின்னர் இரவும் விழித்திருத்தல் எங்ஙனம் இயலும்? மேலும், கைவிடப்பட்ட வயல்களிலும் தேயிலை மலைகளிலும் மானாப்புல்லும் கினிப்புல்லும் ஆளுயரம் வளர்ந்து நிற்கின்றன. பகலிலே பன்றி படுத்துறங்குவதற்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. காவலர் குறைந்தனர், கள்வருக்கு வீடு அமைந்தது என்றே கூறலாம்.

கண்டியின் நில அமைப்பையும் நாம் இங்கே நினைவுகூர வேண்டும். தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலைக் காடு. தென்மேற்கே ஹந்தானை மலைத்தொடர். வடகிழக்கே நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைகள். கிழக்கே விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த சரணாலயம். இவற்றினிடையே கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, மடுல்கலை, பன்விலை, ரங்கலை, புசல்லாவை எனத் தேயிலைத் தோட்டங்களும் கிராமங்களும் பரந்து கிடக்கின்றன. காடு ஒருபுறம், ஊர் ஒருபுறம் என்று இங்கே பிரித்துக் காட்ட முடியாது. பாயின் ஓலைகள் போல இரண்டும் ஒன்றனுள் ஒன்று புகுந்து பின்னியிருக்கின்றன. ஆதலால், விலங்கு ஊருக்குள் வருகின்றது என்று சொல்வதினும், விலங்கும் மனிதரும் ஒரே நிலத்தை இருவேறு வேளைகளிற் பயன்படுத்துகின்றனர் என்று சொல்வதே பொருத்தமாகும்.

இத்துன்பம் நாடளாவியது என்பதை அரசாங்கமும் உணர்ந்துள்ளது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆந் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிட நேரம், நாடெங்கும் மக்கள் தத்தம் காணிகளிலே நின்று, குரங்கு, மந்தி, மலையணில், மயில் ஆகியவற்றை எண்ணிப் பதிவு செய்தனர். அவை பகலிலே கண்ணுக்குத் தெரியும் உயிர்கள். ஆனால், இரவில் வரும் காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் அவ்வாறு எண்ணிவிட முடியாது. நம் கிழங்குத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் பெருங்கேடு செய்வன இவையே.

இனி, சினங்கொண்டவர் மேற்கொள்ளும் பரிகாரங்களைப் பார்ப்போம். ஒன்று, கம்பிச் சுருக்கு. மற்றொன்று, உணவுக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ‘ஹக்க பட்டாசு’. பன்றிக்கென்று வைத்த பொறி பன்றியை மாத்திரம் தெரிந்தெடுக்கும் என்று எண்ணுவது பேதைமை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணியில், மிக அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கிலே கழுத்து இறுகிச் சிக்கியது. உயிருடன் மீட்டுச் சிகிச்சை அளித்தும் அது சில நாட்களில் இறந்தது. சிறுத்தை பன்றிக் குட்டிகளை இரையாகக் கொள்ளும் விலங்கு. பன்றியைக் குறைக்க வைத்த சுருக்கு, பன்றியின் பகையையே கொல்லுமாயின், அதனால் கமக்காரர் அடையும் பயன் யாது?

மூன்றாவது பரிகாரம் இவ்விரண்டினும் கொடியது. வீட்டு மின்னிணைப்பிலிருந்து ஒரு கம்பியை நேரே இழுத்து, தோட்டத்தைச் சுற்றிக் கட்டிவிடுதலே அது. இதனையும் சிலர் ‘மின்வேலி’ என்றே கூறுகின்றனர். அந்தப் பெயர் அதற்குச் சிறிதும் பொருந்தாது. அது வேலியன்று, கொலைப்பொறி. சட்டத்திற்கு முற்றிலும் மாறானது. விடியற்காலையிலே விறகு பொறுக்கச் செல்லும் பெண், குறுக்கு வழியாகக் கொழுந்தெடுக்கச் செல்லும் தொழிலாளி, பந்தைத் தேடி ஓடும் சிறுவன், ஆட்டைத் தேடிப் போகும் அயலவர் ஆகிய எவரும் அந்தக் கம்பியை இருளிற் காணமாட்டார்கள். கம்பியைக் கட்டியவரே அதை மறந்து சென்று மாண்டதும் உண்டு. இத்தகைய மரணங்களைப் பற்றிய செய்திகள் நம் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். இங்கே வேலி மேய்வது பயிரையன்று, பயிரிட்டவரின் குடும்பத்தை.

வீட்டு மின்சாரம் ஏன் கொல்கின்றது என்பதைச் சற்றே விளக்குதல் நலம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். ஓர் அம்பியரின் நூற்றிலொரு பங்கு மின்னோட்டம் உடலினூடாகச் சென்றாலே தசைகள் இறுகத் தொடங்கும். பற்றிய கையை விடுவிக்க இயலாமற் போகும். பத்திலொரு பங்கு சென்றால், இதயத்தின் ஒழுங்கான துடிப்புக் குலைந்து உயிர் நீங்கலாம். அறுபது வாற்று மின்குமிழ் ஒன்று எடுக்கும் மின்னோட்டமோ ஏறத்தாழக் கால் அம்பியர். அதாவது, ஒரு சிறு விளக்கை எரிக்கும் மின்னோட்டத்தின் பாதியும் ஒருவரைக் கொல்லுதற்குப் போதும். “பியூஸ் இருக்கின்றதே, அது எரிந்து காப்பாற்றாதா?” என்று சிலர் கேட்பர். பியூஸ் எரிவதற்குப் பல அம்பியர் வேண்டும். அது வீட்டுக் கம்பிகளைக் காப்பதற்கு அமைந்தது. மனித உடலைக் காப்பதற்கு அமைந்ததன்று.

இவ்வாறான விபத்து நம் நாட்டில் மாத்திரம் நிகழ்வதன்று. தொழினுட்பத்தில் முன்னேறிய ஜப்பான் தேசத்திலே, ஷிசுவோகா மாகாணத்தின் நிஷி இசு என்னும் ஊரில், 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆந் திகதி நிகழ்ந்ததைக் கேளுங்கள். மலர்ச்செடிகளை மான்கள் தின்னாதிருக்க ஆற்றங்கரையில் ஒரு வேலி அமைக்கப்பட்டிருந்தது. வீட்டு மின்சாரத்தையே எடுத்து, அதன் வோல்ற்றளவை மேலும் உயர்த்தி, அந்த வேலிக்குக் கொடுத்திருந்தனர். உரிய பாதுகாப்புக் கருவி எதுவும் இருக்கவில்லை. ஆற்றிலே விளையாட வந்த குடும்பங்கள் அதிற் சிக்கின. இரண்டு ஆடவர் இறந்தனர்; சிறுவர் உட்பட மேலும் சிலர் காயமுற்றனர். மலரைக் காக்க எண்ணிய வேலி இரண்டு உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அப்படியாயின், மின்வேலியே வேண்டாம் என்பதா நமது முடிபு? அன்று. முறைப்படி அமைத்த மின்வேலி, காட்டுப்பன்றியினின்றும் பயிரைக் காப்பதற்குக் கிடைத்துள்ள நல்ல சாதனங்களுள் ஒன்று. அது விலங்கையும் கொல்வதில்லை, மனிதரையும் கொல்வதில்லை. இதனை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் நியூசிலாந்து நாட்டவர். அங்கே ஹமில்ற்றன் நகரைச் சேர்ந்த பில் கல்லகர் என்பவர் 1930களில் இத்தகைய வேலிக் கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர், 1962ஆம் ஆண்டளவில், ருவாகுரா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டக் பிலிப்ஸ் என்பவர், புல் பட்டாலும் எளிதில் வலுவிழக்காத புதிய அமைப்பொன்றைக் கண்டுபிடித்தார். நீண்ட வேலிகளை அமைப்பதற்கு அதுவே வழி திறந்தது.

இவ்வேலியின் உயிர்நாடி, கடைகளிலே ‘எனர்ஜைசர்’ என்று வழங்கும் கருவியாகும். தமிழில் அதனைத் துடிப்புக் கருவி எனலாம். அது மின்சாரத்தைத் தொடர்ந்து பாயவிடுவதில்லை. நம் இதயம் துடிப்பது போல, ஏறத்தாழ ஒரு வினாடிக்கு ஒரு முறை, மிகக் குறுகிய ஒரு துடிப்பை மாத்திரம் கம்பியில் அனுப்புகின்றது. அத்துடிப்பின் வோல்ற்றளவு ஐயாயிரத்துக்கும் மேற்படலாம். ஆனால் அது நீடிக்கும் நேரமோ, ஒரு வினாடியை ஆயிரங் கூறிட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. எஞ்சிய நேரமெல்லாம் கம்பி வெறுங் கம்பியே. ஆதலால், தொட்ட விலங்கு சுளீரென்ற வலியை உணர்ந்து உடனே பின்வாங்க முடிகின்றது. அனைத்துலக மின்தொழினுட்ப நியமங்களும், ஒரு துடிப்பின் சக்தி 5 யூலுக்கு மேற்படலாகாது என்றும், துடிப்புகளுக்கிடையே குறைந்தது ஒரு வினாடி இடைவெளி வேண்டும் என்றும் வரையறுத்துள்ளன. அந்த நியமத்துக்கு அமைந்த கருவியையே வாங்குதல் வேண்டும். தெரிந்த ஒருவர் வீட்டிலே பொருத்திக் கொடுத்த கருவியை, விலை மலிவு என்று நம்பிவிடலாகாது.

இங்கே ஒரு தத்துவத்தை நாம் உணர்தல் வேண்டும். சாதாரண வேலி விலங்கின் உடலைத் தடுக்கின்றது. மின்வேலியோ விலங்கின் மனத்தைத் தடுக்கின்றது. மூன்று மெல்லிய கம்பிகள் ஒரு பன்றியின் பாய்ச்சலைத் தாங்கமாட்டா. ஆனால், முன்னர் ஒருமுறை மூக்கிலே பெற்ற வலியின் நினைவு அதனை அணுகவிடாது. எனவே, மின்வேலி என்பது ஓர் ஆசிரியன். மாணவனைக் கொன்றுவிட்டால் பாடம் யாருக்கு? உயிருடன் திரும்பிச் செல்லும் பன்றியே அந்த வேலியை மீண்டும் அணுகாது. செத்த பன்றியின் இடத்திற்கு, பாடம் அறியாத மற்றொரு பன்றி அடுத்த இரவிலே வந்து சேரும்.

வேலி அமைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். துடிப்புக் கருவியின் ஒரு முனை கம்பியோடு இணைக்கப்படும்; மற்ற முனை நிலத்தில் அறைந்த இரும்புக் கோல்களோடு இணைக்கப்படும். இதனையே புவித்தொடுப்பு என்கின்றோம். மின் வேலை செய்வோர் ‘ஏர்த்’ என்பர். விலங்கு கம்பியைத் தொடும்போது, மின்சாரம் அதன் உடல் வழியே நிலத்துக்கு இறங்கி, நிலத்தினூடாகக் கோலை அடைந்து சுற்றை முடிக்கின்றது. கம்பிமேல் அமரும் குருவிக்கு ஒன்றும் நேராதது, அதன் கால் நிலத்தைத் தொடாமையினாலேயே. பல வேலிகள் பயனற்றுப் போவதற்குக் காரணம் கருவியின் குறை அன்று, புவித்தொடுப்பின் குறையே. ஆறு அடி நீளமுள்ள கோல்கள் மூன்றையேனும், பத்தடி இடைவெளியில், ஈரம் தங்கும் இடத்தில் அறைதல் வேண்டும். தை, மாசி மாதங்களில் மண் வறளும்போது கோலடியில் நீர் ஊற்றுதல் நன்று. வீட்டு மின்னிணைப்பின் புவித்தொடுப்பிலிருந்து இக்கோல்கள் குறைந்தது 10 மீற்றர் தள்ளியிருத்தலும் அவசியம்.

காட்டுப்பன்றியின் உடலைத் தடித்த தோலும் மயிரும் மூடியிருக்கின்றன. அங்கே மின்சாரம் பட்டால் அதற்கு உறைப்பதில்லை. அதன் மூக்கோ ஈரமானது. எதனையும் மூக்கினாலேயே அது சோதித்துப் பார்க்கின்றது. ஆகவே, கம்பி மூக்கின் உயரத்தில் இருத்தல் வேண்டும். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்றும், இரு சாண் உயரத்தில் ஒன்றுமாக இரு கம்பிகள் பன்றிக்குப் போதும். முள்ளம்பன்றியும் வருமாயின், அரைச் சாண் உயரத்தில் மூன்றாவது கம்பியும் வேண்டும். நாகப்பூச்சுள்ள இரும்புக் கம்பியை, காவலிகளின் மீதே தூண்களிற் பொருத்த வேண்டும். கம்பி நேரே மரத்தைத் தொட்டால் மழைநாளில் மின்சாரம் தூண்வழியே கசிந்துவிடும்.

மலைநாட்டிலே நிலம் சமமாக இருப்பதில்லை. பள்ளமான இடத்தில் கம்பிக்கும் தரைக்கும் இடையே பெரிய வெளி தோன்றும். பன்றி அதனைத் தவறாமற் கண்டுபிடித்துவிடும். அத்தகைய இடங்களிலே தூண்களை நெருக்கி நட்டு, கம்பி நிலத்தின் ஏற்றத்தாழ்வைத் தொடர்ந்து செல்லும்படி செய்தல் வேண்டும். கற்கட்டு அணையின் அடியிலே வேலி அமைத்தல் கூடாது. மேலிருந்து வரும் விலங்கு அதனை எளிதிலே தாண்டிவிடும். கிளிரிசீடியா போன்ற உயிர்க்கதியால்களைத் தூணாகக் கொள்வோரும் உளர். அவை தளிர்விட்டுக் கம்பியைத் தொடும் என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது.

புல்லும் கொடியும் கம்பியிற் பட்டால், ஒவ்வோர் இலைவழியாகவும் சிறிது மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும். மழை மிகுந்த கண்டிப் பகுதியில் இரு வாரத்திற்குள்ளேயே புல் கம்பியை எட்டிவிடும். எனவே, வேலியின் இருபுறமும் இரண்டடி அகலத்துக்கு நிலத்தைத் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். வேலிக்குரிய அளவு கருவியினால் நாள்தோறும் வோல்ற்றளவைப் பார்த்தல் நலம். அது நாலாயிரத்துக்குக் கீழே இறங்குமாயின், எங்கோ ஒரு கொடி படர்ந்திருக்கின்றது, அல்லது ஒரு காவலி உடைந்திருக்கின்றது என்று பொருள். மற்றொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றேன். மின்சாரம் இல்லாத கம்பியை ஓரிரவேனும் நிற்கவிடாதீர்கள். அந்த ஓரிரவில் கம்பியைத் தொட்டுப் பார்த்து, “இதில் ஒன்றும் இல்லை” என்று பன்றி அறிந்துகொள்ளும். தவறாகக் கற்ற பாடத்தை மறக்கச் செய்வது மிகக் கடினம்.

மின்சாரம் எட்டாத இடங்களில், பற்றரியும் சூரிய ஒளித்தகடும் பயன்படும். பலாவும் தென்னையும் கராம்பும் அடர்ந்த வீட்டுத்தோட்டங்களிலே, நிழல் விழாத இடம் பார்த்துத் தகட்டை வைத்தல் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைநாட்டிலே இடிமின்னல் மிகுதி. மின்னற் காப்புக் கருவியைப் பொருத்துவது செலவேயாயினும், துடிப்புக் கருவியை இழப்பதினும் குறைந்த செலவேயாகும்.

பாதுகாப்பு விதிகள் சில உள்ளன. முட்கம்பியில் ஒருபோதும் மின்சாரம் பாய்ச்சலாகாது. ஏனெனில், முள்ளிலே சிக்கியவர் துடிப்பினிடையே விலகிக்கொள்ள முடியாது. பொதுப்பாதை ஓரத்திலும் ஒற்றையடிப்பாதை குறுக்கிடும் இடங்களிலும் எச்சரிக்கைப் பலகை வைத்தல் வேண்டும். அதிலே சிங்களமும் தமிழும் இருப்பதோடு, எழுத்தறியாச் சிறுவருக்கும் விளங்கும்படி, மஞ்சள் நிறத்தில் கம்பியைத் தொடும் கையின் படமும் இருத்தல் வேண்டும். அயலிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று சொல்லுதல் அதனினும் சிறந்தது. எவரேனும் சட்டவிரோதக் கம்பியிலே சிக்கியிருக்கக் கண்டால், பதறி ஓடிச் சென்று அவரைத் தொட்டுவிடாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் இறந்துவிடக்கூடும். முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள். பின்னர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால், சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

மின்வேலியால் ஆகாததையும் கூறாது விடலாகாது. குரங்கு நிலத்தின் வழியே வருவதில்லை. மரத்தின் வழியே வருகின்றது. கண்டி வீட்டுத்தோட்டத்தின் அழகே, மரங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதுதான். அந்தக் கைகளே குரங்கின் பாதை. எனவே, பன்றிக்கென்று கட்டிய வேலி குரங்கைத் தடுக்கமாட்டாது. ஜப்பானிலே குரங்குக்கென வலையின் மேற்பகுதியில் மின்கம்பிகளை அமைத்து, அருகிலுள்ள கிளைகளை வெட்டி விலக்குகின்றனர். தனித்து நிற்கும் காய்கறித் தோட்டத்துக்கு அது ஏற்றது. மரஞ்செறிந்த வீட்டுத்தோட்டத்துக்கு ஏற்றதன்று.

மலையிலிருந்து கிழக்கே இறங்கி, மினிப்பே, ஹசலக்கைப் பகுதிகளை அடையும்போது, பகைவன் வேறாகின்றான். அங்கே பயிருக்கு வருவது யானை. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. மனிதரும் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் யானைகளால் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு யானை வேலிகள் இருந்தும் இவ்வாறு நேர்வது ஏன்? யானை அறிவு மிகுந்த விலங்கு. தந்தத்தினால் கம்பியை அறுக்கவும், தூணை மிதித்துச் சாய்க்கவும் அது கற்றுக்கொள்கின்றது. அன்றியும், பல வேலிகள் காட்டின் நிர்வாக எல்லையிலே, இருபுறமும் யானைகள் வாழுமாறு அமைந்துவிட்டன. கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவின் தலைமையில் 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம், ஊரைச் சுற்றி நிலையான வேலியும், வயலைச் சுற்றிப் பயிர்க்காலத்து வேலியும் அமைத்து, அவற்றை அவ்வூராரே பேணுதல் வேண்டும் என்று எடுத்துரைக்கின்றது. கமக்காரர் தம் கண்முன்னே காணும் வேலி, கண்காணாக் காட்டுக்குள் நிற்கும் வேலியினும் நன்கு பேணப்படும் என்பது அதன் கருத்து.

யானைக்குச் சொன்னது பன்றிக்கும் பொருந்தும். நம் சமூகத்தில் வேலி என்றவுடன் நினைவுக்கு வருவது வேலிச் சண்டையே. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக இரண்டு தலைமுறை நீதிமன்றம் சென்ற குடும்பங்கள் உண்டு. அந்த வேலி அயலவரைப் பிரிக்கும் வேலி. மின்வேலியோ அயலவர் ஒன்றுசேராமல் நிற்க முடியாத வேலி. பத்துப் பேருக்கு உரிய வயல்வெளியைச் சுற்றி ஒரே வேலி அமைத்தால், கம்பியும் குறைவு, கருவியும் ஒன்றே போதும். ஒவ்வொருவரும் தனித்தனியே அமைத்தால் செலவு பன்மடங்காகும். ஆயினும், பத்துப் பேரில் ஒருவர் தம் பங்குப் புல்லை வெட்டாது விட்டால், பத்துப் பேரின் பயிரும் போகும். சிங்கள மக்கள் ‘அத்தம்’ என்று கூறும் கைமாற்று உழைப்பு முறை நம் மலைநாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் நிலவியது. இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்னும் அந்த முறையை வேலிக் காவலுக்கும் கொண்டுவருதல் வேண்டும். யார் எந்த நாளிற் புல் வெட்டுவது, யார் இரவிற் கருவியைப் பார்ப்பது, பற்றரி பழுதானால் பணம் எங்கிருந்து வருவது என்பனவற்றை, கம்பி வாங்குமுன்னரே எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

தோட்டங்களிலே லயங்களை அடுத்துக் காய்கறி பயிரிடும் தொழிலாளர் குடும்பங்களின் நிலை இன்னும் நுண்மையானது. அவர்களுட் பலரிடம் அந்த நிலத்துக்கு உறுதி இல்லை. உரிமையில்லாத நிலத்தில் நிலையான வேலிக்குப் பணம் செலவிட எவரும் அஞ்சுவர். அந்த அச்சமே பலரைச் சுருக்குக்கும் திருட்டுக் கம்பிக்கும் தள்ளுகின்றது. தோட்ட நிர்வாகங்கள் முன்வந்து, ஒரு லயத்து மக்கள் அனைவரின் தோட்டங்களையும் ஒரே வேலிக்குள் அடக்க அனுமதியும் உதவியும் அளிக்குமாயின், பயிரும் பிழைக்கும்; அதிகாலையில் அவ்வழியே மலைக்குச் செல்லும் தொழிலாளரும் பிழைப்பர். கழற்றி மறுபடி நடக்கூடிய தூண்களும் சூரிய ஒளிக் கருவியும் கிடைக்கும் இந்நாளில், நிலத்தில் உரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வேலி அமைக்க விரும்புவோர் முதலில் தம் பகுதிக் கமநல சேவைகள் நிலையத்துக்குச் சென்று, விவசாயப் போதனாசிரியரைக் கலந்து பேசுதல் வேண்டும். யானை நடமாடும் இடங்களில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆலோசனையும் அவசியம். அயலிலே எவரேனும் வீட்டு மின்சாரத்தைக் கம்பியிற் கொடுத்திருப்பதை அறிந்தால், “நமக்கேன் வம்பு” என்று ஒதுங்கிவிடாதீர்கள். அவரிடம் நயமாகச் சொல்லுங்கள். கேளாவிடின் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். அது கோள் சொல்லுதல் ஆகாது. ஓர் உயிரைக் காத்தல் ஆகும். அவ்வாறு காக்கப்படும் உயிர் பெரும்பாலும் அவருடைய வீட்டாருள் ஒருவருடையதாகவே இருக்கும்.

நேயர்களே, ஒரு தோட்டத்து மரவள்ளிக்கு விலை உண்டு. அதனை அடுத்த போகத்திலே மீண்டும் நட்டுக்கொள்ளலாம். மனித உயிருக்கு அடுத்த போகம் இல்லை. துடிப்புக் கருவியையும் நல்ல புவித்தொடுப்பையும் புல் வெட்டும் சில கைகளையும் தேடிக்கொள்ளுங்கள். கம்பி மாத்திரம் போதும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.